மூன்றடி உயரக் கண்களுக்கு ஓர் அருங்காட்சியகம்

நான்கு வயதுப் பிள்ளையை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? திருநெல்வேலிப் பக்கம் இதைக் கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதுக்கு என்ன தெரியும்? கொஞ்சம் வளரட்டும், பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போவாங்க." பள்ளிச் சுற்றுலாவுக்கான வயது வரும்போது பிள்ளை நடுநிலைப் பள்ளியில் இருக்கும். அன்றைக்கு ஒரே நாளில் நாலைந்து ஊர் பார்க்க வேண்டும். வரிசை கலையாமல் நடக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி முன் நின்றால் பின்னால் வருபவர் தள்ளுவார். ஒரு குழந்தைக்கு அருங்காட்சியகத்தோடு ஏற்படும் முதல் அறிமுகம் இப்படித்தான் அமைகிறது.

இந்த வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இப்போது காரணம் இருக்கிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பார்ப்பதற்கான இடங்கள் சில ஆண்டுகளில் பெருகிவிட்டன. 2023 ஆகஸ்ட் 5 அன்று, பழைய ஈமக்காடான ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடி பதித்த களக் காட்சியகம் திறக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகம், ரெட்டியார்பட்டியில் 13 ஏக்கர் பரப்பில் எழுந்து 2025 டிசம்பரில் திறப்பு விழா கண்டது. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. இவ்வளவு இருந்தும், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இந்த இடங்களுக்கு எப்படி அழைத்துப் போவது, எதைக் காட்டுவது, அவர்களுக்காக இந்த இடங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு நம்மிடம் குறைவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைக்கு ஏற்றது சின்ன அருங்காட்சியகம்தான். அங்கே போய் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது. ஒன்றிரண்டை நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் பாடம் சொல்லாமல் கேள்வி கேட்டால், நான்கு வயதுக் குழந்தையும் வியக்கத்தக்க அளவுக்குப் பார்க்கும்.

"அதுக்கு என்ன தெரியும்?"

இந்த ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் மட்டும் எவ்வளவு பார்க்கிறார்கள்? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, ஒரு கலைப்படைப்பின் முன் பார்வையாளர் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. பாதிப்பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். பெரிய கூடங்களில் நடக்க நடக்க உடலும் கவனமும் தளர்ந்துபோவதை, பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே புகைப்படங்களோடு எழுதிவிட்டார். குனிந்தும் எக்கியும் பார்க்க வைக்கும் பெட்டிகளே அந்தக் களைப்புக்குப் பெரிய காரணம் என்பது அவருடைய வாதம். பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், பெட்டியின் அடிப்பலகையை மட்டுமே பார்க்க முடிகிற பிள்ளை பத்து நிமிடத்தில் ஓடத் தொடங்குவதில் வியப்பில்லை. அடங்காத பிள்ளை என்று அதைத் திட்டுவதும் நியாயமில்லை.

பலன் உண்டா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது, சுற்றுலா வர விண்ணப்பித்த பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். போன பள்ளிகளையும் காத்திருந்த பள்ளிகளையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு அது நல்ல வாய்ப்பாயிற்று. 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். இதுவரை பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, போய்வந்த பிள்ளைகள் கூடுதலாகக் கவனித்து, காரணம் காட்டி எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகளிடமும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலும் இந்த முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது. இது பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வு. மூன்று, நான்கு வயதுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும், வீட்டில் இந்த அனுபவம் கிடைக்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு ஒரேயொரு பயணம்கூடப் பெரிதாக உதவுகிறது என்பதை நம் அங்கன்வாடிகளும் தொடக்கப் பள்ளிகளும் மனத்தில் வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே அருங்காட்சியகம் என்ற எண்ணமும் புதிதல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் 1899-லேயே அப்படி ஒன்று தொடங்கியது. சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகம் 2019-இல் குழந்தைகளுக்கு ஒரு தனிக் கட்டடத்தைத் திறந்தது. நெல்லைக்கு இப்படிப் புதுக் கட்டடம் எதுவும் உடனே தேவையில்லை. இருப்பதை மூன்றடி உயரத்திலிருந்து பார்க்கப் பழகினால் போதும்.

பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது?

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் மாவட்ட அருங்காட்சியகங்களுக்கே உரிய கலவையான இடம். கற்சிற்பம், தொல்பொருள், மக்கள் வாழ்வியல், இயற்கை வரலாறு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். துறை வல்லுநர் இதைக் குறையாகச் சொல்லக்கூடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதுவே நிறை. ஒன்று பிடிக்காவிட்டால் நாலடி தள்ளி வேறொன்று இருக்கிறது. கூட்டமில்லை, இடம் சிறியது. பிள்ளை கண்பார்வையைவிட்டுப் போகாது. விடுமுறைக் காலங்களில் ஓவியம், கைவினைப் பயிற்சிகளும் நடக்கின்றன. முதன்முதலாகக் கூட்டிப்போக நான் பரிந்துரைப்பது இந்த இடத்தைத்தான்.

பொருநை அருங்காட்சியகம் பெரியது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என அகழாய்வு நடந்த ஊர்களுக்குத் தனித்தனிக் கூடங்கள். ஒரே நாளில் மூன்றையும் முடிக்க நினைத்தால் கில்மன் சொன்ன களைப்பு பெரியவரையும் பிள்ளையையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். ஒரு வருகைக்கு ஒரு கூடம் போதும். உள்ளூர்க்காரருக்கு உள்ள வசதியே அதுதான்: திரும்பவும் வரலாம்.

ஆதிச்சநல்லூர்க் களம் வேறு வகை. பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நாம் மேலிருந்து பார்க்கிறோம். கண்ணாடித் தரையில் குப்புறப் படுத்து ஈமத் தாழியைப் பார்க்கும் பிள்ளைக்கு, மண்ணுக்கடியில் இன்னொரு காலம் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெயிலுக்கு ஒதுங்க அதிக நிழல் இல்லாத பரம்பு அது. சித்திரை, வைகாசியில் சின்னப் பிள்ளைகளோடு அங்கே போக வேண்டாம். மார்கழி, தை நல்லது.

கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பொத்தானை அமுக்கலாம், சக்கரத்தைச் சுழற்றலாம். கலையும் தொல்பொருளும் கேட்பது வேறு வகைக் கவனத்தை. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் முதலில் அருங்காட்சியகம், பிறகு அறிவியல் மையம் என்ற வரிசைதான் சரி. மாற்றினால், ஓடியாடிய பிள்ளை சிற்பத்தின் முன் நிற்காது.

சிற்பம் என்றால் கிருஷ்ணாபுரம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள வெங்கடாசலபதி கோயிலின் தூண் சிற்பங்கள் நாயக்கர் காலத்தவை. இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், இளவரசனைத் தூக்கிச் செல்லும் குறத்தி, பீமனோடு மல்லுக்கு நிற்கும் புருஷாமிருகம், கர்ணன், அர்ச்சுனன், அன்னத்தின் மேல் ரதி. ஆள் உயரச் சிற்பங்கள்; பெட்டி இல்லை, விளக்கப் பலகை இல்லை. விரல் நகம், கால் நரம்பு, அணிகலனின் கொக்கி எல்லாம் கல்லில் தெரியும். "இவன் ஏன் ஓடுறான்? யாரு துரத்துறா?" என்று பிள்ளையே கதையைத் தொடங்கிவிடும். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே உள்ள மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும், குற்றாலம் சித்திர சபையின் ஓவியங்களும் இதே பள்ளத்தாக்கின் செல்வங்கள்தாம். ஆனால் இருட்டான இடமும் குறுகலான படியும் சின்னப் பிள்ளைக்குப் பொருந்தாது. எட்டு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஓட்டில் ஒரு கதை

எப்படிப் பார்க்க வைப்பது? பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2004–05-இல் இந்தியத் தொல்லியல் துறை தி. சத்தியமூர்த்தி தலைமையில் ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றோடு ஒரு பானை ஓடும் கிடைத்தது. களிமண்ணைத் திரித்து ஓட்டின் மேல் ஒட்டி உருவாக்கிய புடைப்புச் சித்திரம் அதில் இருக்கிறது: ஒல்லியாக, உயரமாக ஒரு பெண், பக்கத்தில் பயிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை.

இந்த ஓட்டையோ அதன் படத்தையோ ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டினால் பெரியவர் செய்யும் வழக்கமான தவறு, "இது பெருங்கற்காலம், முதுமக்கள் தாழி, கிமு..." என்று தொடங்குவது. அதற்குப் பதில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதுல என்ன நடக்குது? எதை வச்சு அப்படிச் சொல்ற? வேற என்ன தெரியுது? அபிகெயில் ஹௌசன் என்ற உளவியலாளரும் பிலிப் யெனவைன் என்ற அருங்காட்சியகக் கல்வியாளரும் வளர்த்தெடுத்த முறை இது. இப்போது பல நாட்டு அருங்காட்சியகங்களில் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் கேள்விதான் இதன் உயிர். "அந்த அக்கா பயப்படுறா" என்று பிள்ளை சொன்னால், "எதை வச்சுச் சொல்ற?" என்றதும் அது திரும்பவும் ஓட்டைப் பார்க்கும்; கையைப் பார்க்கும்; முதலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கும். சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தச் சித்திரத்தின் பொருள் ஆய்வாளர்களுக்கும் முழுதாகப் பிடிபட்டதில்லை. பிள்ளையும் அவர்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

பிள்ளை பார்த்து முடித்த பிறகு ஒரேயொரு செய்தியைச் சொல்லலாம். "இந்தக் கொக்கு நம்ம வயல்ல நிக்குற கொக்குதான்." அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் இதே பரம்பில் தோண்டியெடுத்து இன்று சென்னை எழும்பூரில் இருக்கும் வெண்கலப் பொருள்களிலும் எருமை, சேவல், புலி எல்லாம் உண்டு. தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு இந்த உருவங்களில் பெரும்பாலானவை பழக்கமானவை. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கிமு 1155 என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் கூடத்துக்குப் போகும்போது வீட்டிலிருந்து நான்கு நெல்மணியைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். கண்ணாடிக்கு உள்ளே பழைய நெல், கையில் புது நெல். மூவாயிரம் ஆண்டு என்ற எண் நான்கு வயதுக்குப் புரியாது; ஆனால் "அப்பவும் சோறுதான் சாப்பிட்டாங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும்.

"உள்ள யாரு இருக்கா, ஆச்சி?"

இந்தப் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள முதன்மையான பொருள்களில் பல ஈமக்காட்டிலிருந்து வந்தவை. தாழியைப் பார்த்ததும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, உள்ளே யார் என்பதுதான். பல பெற்றோர் இதற்குப் பயந்தே தாழிப் பக்கம் போவதில்லை. அல்லது, "தாத்தா தூங்குறாரு" என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

இரண்டும் தேவையில்லை. ஹங்கேரியக் குழந்தைகளிடம் பேசி மரியா நாகி 1948-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடி. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் சாவை ஒரு பயணம்போல, திரும்பி வரக்கூடிய ஒன்றாக நினைக்கிறார்கள். சாவு மீளாதது என்பது அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் விளங்குகிறது என்று அவர் கண்டார். அந்த வயதில் "தூங்குகிறார்" என்று சொன்னால் பிள்ளை அன்றிரவு தூங்கப் பயப்படலாம். நேராகச் சொல்லலாம்: "ரொம்ப காலத்துக்கு முன்னால இங்க இருந்தவங்க செத்துப்போன பிறகு, அவங்க வீட்டு ஆளுங்க பிரியமா இதுக்குள்ள வச்சு, பானையும் நெல்லும் கூட வச்சு, மண்ணுக்குள்ள புதைச்சாங்க." உள்ளே இருட்டா இருக்காதா, பசிக்காதா என்று கேட்டால், செத்துப்போனவர்களுக்கு இருட்டும் தெரியாது, பசியும் தெரியாது என்று சொல்லிவிடலாம். பிறகு எதற்கு நெல் வைத்தார்கள் என்று பிள்ளை மடக்கினால், அதுதான் நல்ல கேள்வி: அந்த நெல்லில்தான் பிரியம் கண்ணுக்குத் தெரிகிறது.

சுடுகாட்டுத் தெய்வமான சுடலைமாடனின் கொடை விழாவுக்குத் தோளில் ஏறிப் போகிற பிள்ளைகள் நம்மூர்ப் பிள்ளைகள். துட்டி (சாவு) வீட்டுக்குத் தாயோடு போய் உட்கார்ந்து வருகிறவர்கள். சாவு அவர்கள் அறியாத செய்தி இல்லை. அதைப் பற்றி அமைதியாகப் பேச ஓர் இடம் கிடைக்காததுதான் குறை. தாழிக் கூடம் அந்த இடமாக இருக்க முடியும். இதில் ஆச்சி, தாத்தாக்களின் பங்கு பெரியது. நெல் சேமிக்கும் குதிரும் குலுக்கையும் புழங்கிய வீட்டில் வளர்ந்த ஆச்சி தாழியின் முன் சொல்லக்கூடிய செய்திகள் எந்தப் பலகையிலும் இருக்காது.

ரதியின் சிலை முன்பும் வெண்கலப் பெண்ணுருவின் முன்பும் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அதட்ட வேண்டாம். "அந்தக் காலத்துல அப்படிச் செஞ்சாங்க, அந்த நகையைப் பாத்தியா?" என்று ஒரு வரியில் நகர்ந்துவிடலாம்.

தொடலாமா, திரை வேண்டுமா?

கருத்து வேறுபாடு உள்ள இடம் இது. தொட்டுப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளை கற்கும் என்று கல்வியாளர் சொல்கிறார். கை பட்டுப் பட்டுக் கல்லே தேயும் என்று பாதுகாப்பாளர் சொல்கிறார். இரண்டும் உண்மை. அசலைத் தொடக் கூடாது. தொடுவதற்கு வேறு பொருள் இருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டம் வனைகிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கையில் இருந்தது. பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரை பாயாகிறது. ஒரு மேசையில் காருகுறிச்சிக் களிமண், ஒரு கருப்பு-சிவப்புப் பானையின் நகல், ஒரு சொப்புச் செட்டு வைத்தால் போதும். பானை உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் ஏன் இருக்கிறது என்பதை அங்கேயே விளக்கலாம்: கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள், உள்ளே காற்று போகவில்லை. ஆறு வயதுப் பிள்ளை இதைப் புரிந்துகொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடி அங்கும் அந்தக் கருப்பைத் தேடும்.

புது அருங்காட்சியகங்களில் திரைகளும் ஒளிக்காட்சிகளும் கூடிவிட்டன. கூட்டத்தை ஈர்க்க அவை உதவும். ஆனால் அசைகிற திரை பக்கத்தில் இருக்கும்போது அசையாத பானையைப் பிள்ளை பார்க்காது. பொருளை முதலில், திரையைக் கடைசியில் வைத்துக்கொள்வதே என் அனுபவத்தில் கண்ட வழி. திரையை வீட்டிலும் பார்க்கலாம். தாழியை இங்கே மட்டும்தான் பார்க்க முடியும்.

போகிறவர்களுக்கு

காலை ஆகாரம் முடித்துப் பத்து மணி வாக்கில் போவது நல்லது. முதல் தடவை ஒரு மணி நேரம் போதும். பிள்ளை போதும் என்று சொல்லுமுன் கிளம்புங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பது வழக்கம், விசாரித்துவிட்டுப் போகலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். படம் எடுப்பதைவிடப் படம் வரைவது மேல்: வரைகிற பிள்ளை ஐந்து நிமிடம் ஒன்றையே பார்க்கிறது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கண்மட்டத்தில் அதுவும் பார்க்கட்டும். மூன்று முதல் ஐந்து வரை விலங்கு தேடும் விளையாட்டு: எத்தனை பறவை, எங்கே யானை. ஆறு முதல் எட்டு வரை கதையும் வரைதலும். செலவும் தடையில்லை. அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை.

நடத்துகிறவர்களுக்கு

ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 110 செ.மீ.; கண்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒவ்வொரு கூடத்திலும் இரண்டு பெட்டிகளுக்கு முன் ஒரு மரப் படி போட்டால் பாதி வேலை முடிந்தது. அதே உயரத்தில், பெரிய எழுத்தில், ஒரு கேள்வி மட்டும் எழுதிய பலகை வைக்கலாம்: "இந்தப் பானையில் எத்தனை உயிர்கள்?" ஆச்சி உட்கார ஒரு பெஞ்சு, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர் ஆகியவை சலுகைகள் அல்ல, இவை இல்லையென்றால் குடும்பம் திரும்ப வராது. இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்குப் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும் நாள் அது.

மிக முக்கியமானது அங்கன்வாடி. பள்ளத்தாக்கு நெடுக, பொதிகை அடிவாரத்திலிருந்து புன்னைக்காயல் வரை, ஊருக்கு ஊர் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கூட்டம் குறைந்த வார நாள் காலையில் ஒரு மையத்தின் பதினைந்து பிள்ளைகள், அவர்களோடு தாயோ ஆச்சியோ வர, ஒரே கூடத்தில் மூன்று பொருள் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இதற்குப் புதுத் திட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. ஒரு வண்டியும், மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும். ஆர்கன்சாவில் கூடுதல் பலன் பெற்றவர்கள் கிராமத்துப் பிள்ளைகள் என்றால், நம் பட்டியலில் முதலில் வர வேண்டியவர்களும் அவர்கள்தாம்.

மண்ணிலிருந்து எடுத்ததைக் காட்ட இந்தப் பள்ளத்தாக்கில் கோடிக்கணக்கில் செலவழித்திருக்கிறோம். அது தங்கள் ஆற்றின் கதை என்று உணர்கிற தலைமுறை வர வேண்டுமானால், எட்டு வயதுக்கு முன்பே தொடங்க வேண்டும். பிள்ளை பெரிதாகட்டும் என்று அருங்காட்சியகம் காத்திருக்கத் தேவையில்லை; ஒரு மரப் படியை வைத்துத் தானே பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி வரலாம்.